மூன்றாம் எண் மேசை

மண்டபச் சுவரில் மூன்று நாளாய் வரைபடம்.
நிபோங் திபால், ஒன்றுக்கு ஐயாயிரம்.
சிவப்புக் கோடு ஆற்றோரம் தொடங்கி
தாமான் மெலாத்தியின் பின்கட்டைத் தொட்டும் தொடாமலும்
செம்பனைக்குள் நுழைந்து
நெடுஞ்சாலையில் போய்ச் சேர்கிறது.
அதற்குப் பெயர் நெரிசல் தணிப்புச் சாலை.
எனக்குப் பெயர் மூன்றாம் எண் மேசை.

தமிழில் சொல்வதை மலாயில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.
கட்டங்கள் மூன்று:
சம்மதம். சம்மதமில்லை. கருத்தில்லை.
கீழே, காரணத்துக்கு நான்கு வரி.
ஐந்தாவதைக் கணினி ஏற்காது என்றார் என்சிக் ஃபௌசி,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

முதலில் வந்தவர் இருதயராஜ்.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்.
உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"பாலத்திலேர்ந்து பழைய சந்தை வரைக்கும்
வெள்ளிக்கிழமைன்னா பத்தொன்பது நிமிஷம்.
சைரன் கேட்டா வழி விடத்தான் பாக்குறாங்க, பாவம்.
விடறதுக்கு வழி வேணுமே."
சம்மதம் என்று குறித்தேன்.
காரணம் ஒரே வரியில் முடிந்துவிட்டது.
மீதி மூன்று வரியைப் பார்த்தபடி நின்றார்,
யாருடைய பெயரையோ எழுதச் சொல்லப்போகிறவர் போல.
சொல்லவில்லை.

பவளக்கொடி அக்காவுக்கு நெரிசல்தான் கடை.
காலை ஏழிலிருந்து எட்டரை,
நகராத கார்களின் ஜன்னல் ஜன்னலாக
நாசி லெமாக் நீட்டுகிறவள்.
"பச்சை விளக்கு எரிஞ்சா எனக்கு வயித்த எரியும், தங்கச்சி."
இதை எப்படி மலாயில் எழுத?
வாகனங்கள் நகராதிருப்பதால் எனக்கு வருமானம் என்று எழுதினேன்.
படித்துக் காட்டியபோது
காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருந்தது.
"இருக்கட்டும்," என்று சிரித்தாள்.
"பொட்டலம் ரெண்டு வெள்ளி, முட்டை தனின்னும் போட்டுக்க."

ஒரு கணவனும் மனைவியும்
ஒரே பாரத்தில் இரண்டு கட்டம் கேட்டார்கள்.
அவருக்கு இழப்பீடு.
அவளுக்கு, பின்கட்டில் இப்போதுதான்
ஓடு பதித்து முடித்த துவைக்கும் இடம்.
கடன் இன்னும் பதினோரு மாதம்.
"இடிச்ச எடத்துக்கும் தவணை கட்டணுமா?
அதைக் கேட்டு எழுதும்மா."
கேள்விகளுக்குக் கட்டம் இல்லை.
காரணத்தின் நான்காம் வரியில்
கேள்விக்குறியை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம்,
விசிறிகளை அணைக்கத் தொடங்கிய பிறகு வந்தார்
சதாக்கோபன்.
எங்கள் வேலியோரம் போன மாதமே
சிவப்பு ரிப்பன் கட்டி முளை அடித்தாயிற்று,
இப்போது எதற்குக் கருத்து, என்றார்.
ஃபௌசியிடம் கேட்டேன்.
அது அளவெடுக்க மட்டும்.
சொன்னேன்.
"மட்டும்," என்றார் சதாக்கோபன்.
மறுபடியும், "மட்டும்."
கடைக்காரன் கொடுத்த சில்லறையை
நகராமல் நின்று எண்ணுகிறவர் போல.

வரைபடத்தைக் கழற்ற நாற்காலி மேல் ஏறினேன்.
சிவப்புக் கோடு பளிச்சென்று, அச்சடித்த மேனிக்கு.
அதன் இருபுறமும்தான் அழுக்கு.
வந்தவர்கள் எல்லாரும் முதலில்
விரல் வைத்துத் தங்கள் வீட்டைத் தேடியிருக்கிறார்கள்.
தாமான் மெலாத்தியில்
யாரோ சம்பல் எண்ணெயோடு தொட்ட இடத்தில்
தாள் ஊறி, சுவர் தெரிந்தது.
சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன்.
ஊழியர்கள் பாரம் நிரப்பக் கூடாது.
கேட்டிருந்தாலும்
எந்தக் கட்டத்தில் குறித்திருப்பேனோ.

திரும்பும்போது வெள்ளிக்கிழமை.
மூன்று முறை பச்சை எரிந்து அணைந்தது,
என் மோட்டார் சைக்கிள் ஒரு லாரியின் முதுகைப் படித்துக்கொண்டு நின்றது.
பின்னால் சைரன்.
முன்சக்கரத்தைக் கால்வாய் விளிம்புக்கு ஒடித்தேன்.
பக்கத்துக் காரும் ஒடித்தது, கண்ணாடியை மடக்கிக்கொண்டு.
லாரி முக்கி முனகி
ஒரு முழம் இடம் விட்டது.
இன்னும் ஒரு முழம் வேண்டும்.