நீர் நிற்கும் நேரம்

கேம்பல் ரிவரில் கடலும் ஓர் ஆறுதான்.
ஆறு மணி நேரத்துக்கொரு தரம் திசை மாற்றும்.
மாற்றுமுன் கொஞ்சம் யோசிக்கும்.
அந்த யோசனைக்குள் நாங்கள் இறங்கி ஏற வேண்டும்.

இன்று ஒன்பது நாற்பத்தேழுக்கு, என்றார் வெண்டல்,
ஓத அட்டவணையைத் தொடையில் விரித்து.
இருபத்திரண்டு நிமிடம்.
அதற்கு மேல் உங்களைத் தேடி
அலாஸ்கா வரை படகு ஓட்ட மாட்டேன்.

பனியன்மேல் பனியன், அதன்மேல் பஞ்சுச் சட்டை,
அதன்மேல் நீர் புகாத உடை.
கழுத்து ரப்பரில் பவுடர் தட்டித்
தலையை நுழைத்து வெளியே வந்தால்
சுகிர்தா சிரிக்கிறாள்: கத்தரிக்காய் மாதிரி இருக்கிறாய்.
இடுப்பில் பதினைந்து கிலோ ஈயம்.
மிதக்கக் காசு வேண்டாம்.
மூழ்கத்தான் செலவு.

எட்டு டிகிரி.
முதலில் கன்னம் வலித்தது.
பிறகு கன்னமே இல்லை.

பதினெட்டு மீட்டரில் பாறைச் சுவர்,
நனைந்த சாக்கின் நிறம்.
டார்ச்சை அடித்தேன்.
கல்யாண மண்டபத்தில் யாரோ
மெயின் சுவிட்சைப் போட்டதுபோல் சிவப்பு.
விரல்நுனி அளவுக் கடற்சாமந்திகள்,
பாறை தெரிய ஓரிடமும் விடாமல்.
ஒளியை நகர்த்தினால் பின்னால் அணைந்துவிடும்.
வருடம் முழுக்க இவை என்ன நிறத்தில் இருக்கின்றன
என்று கேட்க நினைத்தேன்.
வாயில் ரெகுலேட்டர்.

சுகிர்தாவின் விரல் காட்டிய இடத்தில்
ஓடு வேண்டாம் என்று விட்டுவிட்ட ஒரு நத்தை.
முதுகெல்லாம் கண்ணாடி இதழ்,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு.
அதற்கு அவசரமில்லை.
எங்களுக்கு இன்னும் பதின்மூன்று நிமிடம்.

ஒரு பொந்தின் வாசலில் நண்டோடுகள்,
பந்தி முடிந்து எடுக்காத இலைகள்போல.
உள்ளே ஆக்டோபஸ்.
தெரிந்தது ஒரு கை, அதுவும் பாதி;
உறிஞ்சிகள் இரண்டு வரிசை.
அதில் ஒன்று வெளிச்சம் பட்டுச் சுருங்கியது.
அவ்வளவுதான்.
இந்த ஒன்றைப் பார்க்கத்தான் மூன்று மாதம் சேமித்தேன்.

அடுத்த பிளவில் ஒரு ஜோடி ஓநாய் விலாங்கு.
ஓநாயும் இல்லை, விலாங்கும் இல்லை.
தலைமேல் தலை வைத்து
வாடகை பாக்கி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தன.
ஆண் வாயைத் திறந்தது.

பர்னபியில் நான் பல்செட் செய்கிறேன்.
பதினோரு வருடம்,
மெழுகிலும் பிளாஸ்டரிலும் பிறகு அக்ரிலிக்கிலும்
மற்றவர்களின் வாய்கள்.
இப்படியொரு கடைவாய் நான் பார்த்ததில்லை:
மழுங்கி, நெருங்கி, ஆட்டுக்கல் குழவிபோல் உருண்டு,
கடல் முள்ளெலியை முள்ளோடு நொறுக்குவது.
அச்செடுக்கக் கை பரபரத்தது.
நீட்டவில்லை.
அந்தக் கடி எவ்வளவு என்று
தொழில் செய்பவளுக்குத் தெரியும்.

அப்போதுதான்
நேராக நின்றிருந்த வெள்ளைச் சாமந்திகள்
எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்தன.
கடல் யோசித்து முடித்துவிட்டது.
சுகிர்தா கட்டைவிரலை உயர்த்தினாள்.
தரையில் அதற்கு 'அருமை' என்று பொருள்.
இங்கே 'போதும், மேலே வா'.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றே ஆக வேண்டும்.
நிற்பதாவது.
நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி
கொடியில் காயும் வேட்டிகளாய்ப்
பக்கவாட்டில் பறந்தோம்.

எப்படி இருந்தது, என்றார் வெண்டல்
தக்காளி சூப்பை ஊற்றிக்கொண்டு.
உதடு மரத்திருந்தது.
என் வாயிலிருந்து வந்தது
தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.
புதுப் பல்செட் மாட்டியவர்கள்
முதல் வார்த்தை பேசுவது இப்படித்தான்.
புரிந்ததுபோல் நான் தலையாட்டுவேன்.
அவரும் ஆட்டினார்.

மாலை நனைமோ ஃபெர்ரியில்
கார்ச்சாவி கீழே விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
மூக்கிலிருந்து ஒரு கரண்டி கடல்
ஷூவின் மேல் கொட்டியது.
தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.
எதிர் இருக்கைப் பையன்
தூங்கும் அம்மாவைச் சுரண்டி எழுப்பினான்.