நாலேகால் கிலோ

திருமலை வீதியில் என் தராசுக்கு
எல்லாம் ஒன்றுதான்:
சைக்கிள் றிம், பல்லுப் போன பல்சக்கரம்,
பாதி நங்கூரம்,
முந்தின வெள்ளிக்கிழமை றெஜினா அந்திராதோ
உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த கேத்திலும்.

"ஒழுகுதுகா. எடுத்து நிறு."

கவிழ்த்தேன்.
அடிவயிற்றில் ஒரு நீளத் தழும்பு.
உருகிய இரும்பை அச்சுக்குள் ஊற்றி
ஆறியபின் முறித்த இடம் அது.
பிந்திய வார்ப்புகளுக்கு அது இருப்பதில்லை.
மூடியில் ஒரு எட்டு, அடியிலும் எட்டு,
இரண்டும் ஒரே கையின் வளைவு.
புதிதைப் பழசாக்கி விற்பவர்கள்
எழுத்தில்தான் பிடிபடுவார்கள்:
நனைந்த சவர்க்காரம்போல் மழுங்கியிருக்கும்,
தடவினால் மணல் மணலாய் உறுத்தும்.
இது உறுத்தவில்லை.
விரல் கணுவால் தட்டினேன்.
ஓசை பாதியில் நின்றது.
எங்கோ ஒரு வெடிப்பு.

இவ்வளவும் தெரிய
ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் போதும்.
"நாலேகால் கிலோ" என்றேன்.
"கிலோ எண்பது. முந்நூற்று நாற்பது."
அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கடையைப் பூட்டியபின்
வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து
பேசினில் முக்கி வைத்தேன்.
அரை மணிக்கொருதரம் எழும்பிப் பார்க்கவேண்டும்.
அயர்ந்து தூங்கினால்
கறளைத் தின்ற புளிப்பு இரும்பையும் தின்னும்.
கம்பி பிரஷ் கூடாது. தேங்காய்ப் பொச்சு போதும்.
முதலில் செங்கல் நிறம் இறங்கியது,
பிறகு மாரி வாவியின் நிறம்,
பிறகு
மூக்கு வயிற்றோடு சேரும் இடத்தில்
மஞ்சள்.

பித்தளை. நக அளவு ஒட்டு.
ஒட்டின் மேல் உளியால் குத்திய
இரண்டெழுத்து, இரண்டாவது சாய்ந்தபடி.
எழுந்துபோய் லைற் போட்டு
என் தராசின் கொக்கியைப் பார்த்தேன்.
அதே இரண்டெழுத்து. அதே சாய்வு.
சிரில் அந்திராதோ அடித்த கொக்கி.
இருபத்தாறு வருசமாய்
எந்த எடையையும் அது
என்னிடம் மறைத்ததில்லை.

கிருபைராசா பழைய ஒட்டைச் சுற்றி
புதிதாய்ப் பித்தளை ஓடவிட்டான்.
மெதுவாய்ச் சூடாக்கி,
சாம்பலுக்குள் புதைத்து
விடியும்வரை ஆறவைத்தான்.
வார்ப்பிரும்புக்கு அவசரம் ஆகாது,
சுடச்சுட இருக்கையில் பச்சைத்தண்ணி ஊற்றினாலே
கண்ணாடியாய் விட்டுப்போகும்.
வெளியே எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், துடைத்ததே தெரியாதபடி.
உள்ளே எண்ணெய் இல்லை.
தேயிலைச் சக்கையை மூன்று தரம் காய்ச்சினேன்.
இரும்பும் துவர்ப்பும் கூடி
மைபோல் ஒரு தோல் பிடித்தது.

படம் பார்த்த கொழும்புக்காரர்
முப்பதாயிரம் என்றார்.
"பிறகு சொல்றன்" என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
கல்லடிப் பாலம் தாண்டி டச்பார்.
பூசை முடிந்து வந்த சட்டையோடேயே
றெஜினா தண்ணீர் நிரப்பினாள்,
கீழே ஒரு பேப்பரை விரித்துக்
காத்திருந்தாள்.
பேப்பர் நனையவில்லை.
கொதித்தது. தேத்தண்ணி வந்தது.
மிச்சத்தை ஊற்றிவிட்டு, நான் சொல்லுமுன்பே
மூடியைத் திறந்து
அதன் சூட்டிலேயே காயவிட்டாள்.

நான் முழுதும் சொன்னேன்.
தழும்பு, எட்டு, முப்பதாயிரம்.
கொக்கியைப் பற்றியும்.

கோப்பையை வைத்தாள்.
"முப்பதாயிரமா? அப்ப வில்லுகா.
அந்த மனுசன் ஒட்டினது ஒருநாளும் நிண்டதில்ல.
நாப்பது வருசம் அடுப்ப அணைச்ச கேத்தில் அது."
சிரித்தாள். பிறகு
விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்:
ஒட்டினவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு,
தகரம் மாற்ற எவ்வளவு.

திரும்பும்போது பாலத்தில் உப்புக்காற்று.
சைக்கிள் கூடையில் கேத்தில்.
உள்ளே இன்னும் ஈரம் இருக்கலாமென்று
இரண்டு தரம் நிறுத்தி
விரல் விட்டுப் பார்த்தேன்.
போன் அடித்தது.
எடுக்கவில்லை.