இருபத்துநாலு வரிசை

சனிக்கிழமை பின்னேரம் ரெய்ட் அட்டை செத்தது.
தட்டுகள் நான்கும் சுகம்.
வயர் கொடுத்துக் காதோடு வைத்தால்
சீராகச் சுழல்கின்றன.

றெஜினோல்ட் ஐயா கேட்கிறார்:
"தட்டு நல்லாயிருக்கெண்டால் பிறகென்ன பிள்ளை?"
எப்படிச் சொல்ல.
முப்பது வருசத்துக் காணிப் படங்கள்
அறுபத்துநாலு கிலோபைட் துண்டுகளாய்
நாலு தட்டிலும் மாறிமாறிக் கிடக்கின்றன.
எதற்குப் பிறகு எது என்று
அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.
அது ஒருவருக்கும் சொல்லிவைக்கவில்லை.

கெட்டிக்கார அட்டைதான், பொய் சொல்லக்கூடாது.
கரண்ட் நின்று நின்று வந்த நாளெல்லாம்
எழுதி முடியாததைத்
தன் குட்டிப் பற்றரியில் பொத்தி வைத்திருந்து
வெளிச்சம் வந்ததும் இறக்கிவைக்கும்.
அந்தப் பற்றரிதான் இப்போது
அப்பளமாய் ஊதிக் கிடக்கிறது.
பின்களில் குருநகர் உப்புக்காற்றின் பச்சை.

கொழும்புக்கு எடுத்தேன்.
"அந்த மொடல் இப்ப வாறேல்லை, மிஸ்.
சிங்கப்பூரில ஒண்டு கிடக்கு, பாவிச்சது.
உள்ளுக்க இருக்கிற வேர்ஷன் பொருந்துமெண்டு
நான் பொறுப்பெடுக்கேலாது."
விலையைச் சொன்னதும் ஐயா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

நாலு தட்டு. இருபத்துநாலு வரிசை.
பிரதியெடுத்து, பழைய கணினியில்
ஒவ்வொன்றாய் அடுக்கிப் பார்க்கிறேன்.
ஏழாவதில் ஒரு படம் திறந்தது:
மயிலிட்டியில் ஒருவரின் கிணறு
பக்கத்து வளவுக்குள் பாதி,
வேலி நடுவில் அறுந்து
ஒழுங்கைக்கு அங்கால் எங்கோ தொடங்கிற்று.
ஐயாவுக்குச் சிரிப்பு.
"கோட்டிலயும் இப்பிடித்தான் பிள்ளை நடக்குது."

பத்தொன்பதாவதில்
கிணறு வீட்டுக்கு வந்தது.

இனி அட்டை வேண்டாம் என்றேன்.
மென்பொருளே அடுக்கட்டும்.
கொஞ்சம் மந்தம்; கணினிக்கு மூச்சு வாங்கும்;
பற்றரி இல்லாத குறைக்கு
நல்ல யூபிஎஸ் ஒன்று வாங்கத்தான் வேணும்.
ஆனால் ஒவ்வொரு தட்டிலும்
நாங்கள் நாலு பேர், நான் மூன்றாவது
என்று எழுதியிருக்கும்.
எந்தப் பெட்டியில் செருகினாலும்
ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும்.

தொண்ணூற்றைந்தில், நாவற்குழிப் பாலத்துக்கு முன்,
அம்மா எங்கள் சட்டைப்பை ஒவ்வொன்றிலும்
அஞ்சு பேரின் பெயரையும் எழுதிவைத்து
ஊசி குத்திவிட்டவ.
என் துண்டில் எனக்குக் கீழே மட்டும்
ஒரு கோடு.

புது அடுக்கு கட்டுப்படுகிறது.
முப்பத்தொரு சதவீதம்.
வாசலில் மயிலிட்டிக்காரர்
உறுதியைச் சொப்பிங் பையில் சுற்றியபடி:
"படம் இண்டைக்குக் கிடைக்குமோ?"
"இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ,"
என்கிறார் ஐயா, என்னைப் பார்த்து.

முப்பத்திரண்டு.
மென்பொருளில் எனக்கு நம்பிக்கைதான்.
இருந்தாலும் லாச்சியைத் திறந்து
மார்க்கரை எடுத்து
தட்டுகளின் முதுகில் எழுதுகிறேன்:
1, 2, 3, 4.