உள்ளபடி வாசி

விஸ்மாவின் நாவலில்
மூன்றாம் அத்தியாயத்தில் நான் செத்துப்போகிறேன்.
பனிக்கட்டி உடைந்து, ஏரியில்.
பெயரை மாற்றியிருக்கிறாள்.
இடது காலை இழுத்து நடப்பதை மாற்றவில்லை.

லியெபாயாவில் டிராம் ஓட்டுகிறேன்.
ஒரே தடம். போவது, வருவது.
கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் ஒன்பது நிமிடத்தில்
என் சாவை இரண்டு தடவை படித்தேன்.
நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.
தொப்பி மட்டும் மிதந்ததாம்.

அம்மாவுக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது.
யார் வந்தாலும் காதுகள்தான் தெரிகின்றன என்பாள்.
ஞாயிற்றுக்கிழமை, கறுப்பு ரொட்டியை நறுக்கி வைத்துவிட்டு
புத்தகத்தை என் மடியில் போட்டாள்.
"உன் அக்கா என்னதான் எழுதியிருக்கிறாள்?"

வாசித்தேன்.
வாசிப்பதுபோல் எதையோ சொன்னேன்.

புத்தகத்திலிருக்கும் தாய்
மகளின் கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போடுகிறாள்.
நான் வாசித்த தாய்
பிரிக்காமல் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.
புத்தகத்திலிருக்கும் மகள்
டப்ளின் போய்ப் பதினோரு வருடம் கூப்பிடவே இல்லை.
நான் ஒரு போனைச் சேர்த்தேன்.
புதன்கிழமை, மழை,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
(அந்தப் பாத்திரச் சத்தம் எனக்கே பிடித்திருந்தது.)
"அம்மா, தப்பு என்மேல்தான்"
என்றாள் விஸ்மா, என் குரலில்.

"நிறுத்து."

மேஜைமேல் ரொட்டித்தூளை
விரல்நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
"அவள் இப்படிச் சொல்லமாட்டாள்.
ஆறு வயதில் ஜாடியை உடைத்துவிட்டு
பூனை தட்டிவிட்டது என்றவள்.
நம் வீட்டில் பூனையே கிடையாது.
ஐனார்ஸ்,
உள்ளபடி வாசி."

வாசித்தேன்.
காகிதம் சுருளும் விதம், ஓரத்திலிருந்து எழுத்து கருகும் விதம்
ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள்,
அடுப்புப் பக்கத்தில் தானே நின்றிருந்தவள்போல.
அம்மா அசையவில்லை.

"எத்தனை கடிதம் என்று போட்டிருக்கிறாள்?"
"ஏழு."
"மூன்றுதான்.
நாலாவதைப் பிரித்தேன்.
பணம் இருந்தது. ஒரு வரிகூட இல்லை.
அதில்தான் உன் இடது பூட்ஸுக்கு
உயரமாக அடி கட்டினோம்."

மேஜைக்கடியில் என் காலை
கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.
இத்தனை நாள் எதன்மேல் நின்று
மணியடித்துக் கதவை மூடிக் கதவைத் திறந்து
ஊரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்
என்று எனக்குத் தெரியாது.

வெளியே கடல்காற்று ஜன்னலைத் தட்டியது.
விளக்கு போடவா என்றேன்.
எனக்கெதற்கு, உனக்கு வேண்டுமானால் போடு என்றாள்.

பிறகு, கேட்க மறந்ததைக் கேட்பதுபோல்:
"இரண்டிலிருந்து நேரே நாலுக்குப் போனாயே,
மூன்று எங்கே?"

பக்கங்களைப் பின்னால் தள்ளினேன்.
ஏரிக்கரை வந்தது. பனிமேல் கால் வைத்தேன்.
அம்மாவின் கை மேஜைக்கடியில் நீண்டு
தடவித் தடவி
என் இடது முட்டியைக் கண்டுபிடித்து
பிடித்துக்கொண்டது.

தொப்பி மிதந்தது.

"மேலே படி"
என்றாள்.