அரைக் கார்

ஐந்து ரோட்டில்
பர்னிச்சர் கடை மொட்டைமாடியில் கேமராவைக் கட்டி
மூன்று நாள் படம் பிடித்தோம்.
இரண்டாம் நாள் பாதிக்கு மேல்
ஒரு காக்கையின் வால்.

மிச்சத்தை
ஜெசிந்தா நிறுத்தி நிறுத்தி எண்ணினாள்.
கார் ஒன்று. சைக்கிள் அரை.
அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.
கேரியரில் கட்டிய ஜவ்வரிசி மூட்டைக்கு
எவ்வளவு என்று சொல்லவில்லை.

எண்ணியதையெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டினேன்.
திரையில் ஒரு சேலம் எழுந்தது.
கார்கள் நீலக் கட்டம், சைக்கிள்கள் சிவப்புக் குச்சி.
ஓமலூர் பக்கம் பிறந்து
ஜங்ஷன் பக்கம் ஓரத்தில் மறையும்.

முதல் ஓட்டத்திலேயே தகராறு.
நான் லேன் போட்டிருந்தேன்.
சைக்கிள்கள் காருக்குப் பின்னால்
ரேஷன் வரிசை மாதிரி நின்றன,
இருபது நிமிடம், வாய் பேசாமல்.
"இது எந்த ஊரு?" என்றாள் ஜெசிந்தா.

லேனை அழித்தேன்.
சந்து தெரிந்தால் நுழை என்று எழுதினேன்.
அறுபது சென்டிமீட்டர் உடம்பு,
இரண்டு பக்கமும் ஒரு சாண்.
அப்புறம் ஓடியது,
கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர்
யார் முதுகிலும் படாமல் போவதைப் போல.

ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை.
விலகும் முன்
சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
முழுசாக அல்ல,
தாடை தோளைத் தொடும் அளவு.
அந்த அரை நொடியில்
பின்னால் வரும் கார் கொஞ்சம் தணிகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு தடவை எண்ணினோம்.
என் கட்டங்களுக்கு முன்பக்கம் உண்டு.
கழுத்து இல்லை.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு
ஏற்காடு மலை காணாமல் போனது.
ஐந்து நிமிடத்தில் மழை.
கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின.
மேம்பாலத்துக்கு அடியில்
நாற்பத்தொரு சைக்கிள் ஒதுங்கியது.
இருபதரைக் கார்
தலை துவட்டிக்கொண்டு, பீடி கடன் கேட்டுக்கொண்டு
நின்றது.
சராசரியைக் கெடுக்கிறது என்று
அந்த ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டேன்.

காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒருவர் வருவார்.
ஏதோ ஏடிஎம்மில் இரவுக் காவல் போல;
சீருடைச் சட்டை மடித்துக் கேரியரில்,
ஹேண்டில்பாரில் தூக்குவாளி.
பாலத்தூண் வந்ததும் இறங்கி
உருட்டிக்கொண்டு கடப்பார்.
இவரை எதில் சேர்ப்பது?
வண்டி என்றால் வேகம் போதாது,
நடப்பவர் என்றால் அகலம் அதிகம்.
'இதர' என்பதில் போட்டோம்.
அங்கே ஏற்கெனவே ஓர் எருமை இருந்தது.

மாநகராட்சியில் ஓட்டிக் காட்டிய அன்று
வயதான இன்ஜினியர் ஒருவர் கேட்டார்:
"விபத்து எத்தனை?"
சைபர் என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
பிறகுதான் உறைத்தது.
ஒரு கட்டத்தின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது:
பதினேழாவது வரி, நானே எழுதியது.
மோதவேண்டிய இடத்தில்
இரண்டும் சும்மா நின்றுவிடும்.
ஆயிரம் தடவை ஓட்டினாலும்
என் ஐந்து ரோட்டில்
ஒருத்தர் முட்டியும் சிராய்க்காது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"அந்த வரியை ஊருக்கும் போட்டு விடும்மா" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள்
ஜெசிந்தா தம்பியின் சைக்கிளில் நானே போனேன்.
செயின் பாவாடை மாதிரித் தொங்கியது.
சாரதா காலேஜ் ரோட்டிலிருந்து வருவதற்குள்
ஏழெட்டு முறை கழுத்து தானாகத் திரும்பியது.
தூண் அருகே காத்திருந்தேன்.
வந்தார். இறங்கினார்.

"ஏங்க இந்த இடத்துல மட்டும் எறங்கறீங்க?"

என் பாதுகாப்புக் குறியீடு,
முடிவெடுக்கும் நேரம், அபாய உணர்வு,
மூன்று பக்கத்துக்கு யோசித்து வைத்திருந்தேன்.

"பிரேக் இல்லீங்கம்மா.
ரெண்டு வருசமாச்சு."

தூணைத் தாண்டியதும்
பெடலில் ஒரு கால், தரையில் ஒரு கால்,
தத்தித் தத்தி ஏறினார்.
ஏறும்போது தாடை தோளைத் தொட
ஒருமுறை பார்த்தார்.

எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் கார்
ஹாரனிலிருந்து
கையை எடுத்தது.