தண்ணிக் கழிவு

நாற்பத்தாறு நாளாய் வயித்தால போகுது.
ஏழாம் நம்பர் மலையில் கக்கூஸ் கிடையாது.
தேயிலை இடுப்புயரம்,
குந்தினால் மறைக்கும்.
படங்கை அவிழ்க்க ஒரு நிமிஷம்
திரும்பக் கட்ட ஒரு நிமிஷம்
நடுவில் நடப்பது
அட்டைக்கும் எனக்கும் தெரியும்.

கங்காணி சுப்பவேல் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.
மணிக்கூட்டை மட்டும் பார்ப்பார்.
நாலாம் தடவை எழுந்துபோன அன்றைக்கு
அரைப்பேர்.

கொழுந்து நிறுக்கையில்
கூடைக்கு ஒரு கழிவு
ஈரத்துக்கு ஒரு கழிவு.
மழையில்லாத நாளிலும்
இலைக்குள் தண்ணி இருக்கிறதாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று முறை
அதே வெள்ளை மாத்திரை, அதே ஜீவனி பக்கெட்.
மாமி சொன்னாள், "திங்காம கெட, நின்னுரும்."
இரண்டு நாள் கிடந்தேன்.
நின்றது கால்தான்,
பிரட்டுக்களத்தில் மடங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நிலூஷா.
அவவுடைய தமிழ் படியேறுவதைப் போல
ஒவ்வொரு சொல்லாய் நின்று நின்று வரும்.
எத்தனை தடவை? ரத்தம்? சளி?
ராத்திரி தூக்கத்தில எழுப்புதா?
தண்ணியில மிதக்குதா?
கலியாணப் பேச்சில்கூட
இத்தனை கேள்வி என்னை யாரும் கேட்கவில்லை.

தராசில் ஏற்றினார்கள்.
முப்பத்தெட்டரை.
சின்னவளின் கிளினிக் கார்டில் நாற்பத்தொன்பது.
பத்தரைக் கிலோ, துரை,
எந்த ஈரத்துக்குக் கழித்தீர்கள்?

"சாப்பிடுங்க," என்றா. "பட்டினி வேணாம்.
கஞ்சி, உப்பு, வாழைப்பழம்.
போறதுக்கு மேல குடிங்க.
பால்தேத்தண்ணி கொஞ்ச நாளைக்கு இல்ல.
ஒரு கொப்பியில எழுதுங்க.
ரெண்டு கிழமைக்கு மேல போனா
அது சும்மா வயித்துக்கோளாறு இல்ல,
காரணம் தேடணும்."

மூன்று நாள், மூன்று சின்னப் போத்தல்.
ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
"பேக்க மேல போடுங்க அக்கா," என்றான் கண்டக்டர்.
"உடையுற சாமான் தம்பி."
பக்கத்து சீட் பொம்பளை
முட்டையா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

லாப்பில் இருந்த பொடியன்
கண்ணாடிக்குள் பார்க்க விட்டான்.
பேரிக்காய் மாதிரி ஒரு மூஞ்சி,
இரண்டு கண்.
ஆறு கிழமையாய் எனக்குள் குடியிருந்து
என் சோற்றைத் தின்றது
அத்தனை சின்னதாய், அத்தனை திகைப்பாய்
என்னைப் பார்த்தது.
"பீலித் தண்ணியில வந்திருக்கும்," என்றான்.
பீலிக்கு மேலே மாட்டுப்பட்டி.
அதற்கும் மேலே மேல்லயத்துக் குழிகள்.

ஐந்து நாள் மாத்திரை.
வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி ருசி.
தண்ணி கொதித்துக் குமிழி விட வேண்டும்,
விறகு யார் தருவார்கள் என்று
டொக்டருக்குத் தெரியவில்லை.

மற்றவர்களையும் விசாரிக்கச் சொன்னா.
எப்படிக் கேட்பது?
உப்புக் கடன் கேட்கிற சாக்கில்
முதல் காம்பராவுக்குப் போனேன்.
உப்பை வாங்கிக்கொண்டு
கேட்காமலே வந்தேன்.
நாலாம் காம்பராவில் பாக்கியலோஜினி
அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்:
"எனக்கு ரெண்டு வருஷம்.
சீக்குன்னு நெனைக்கல.
ஒடம்பு அப்புடின்னு நெனச்சேன்."

பன்னிரண்டு காம்பராவில் ஏழு.
கொப்பியின் பின்பக்கத்தில்
எல்லாருக்கும் பேர் போட்டேன்,
முழுப்பேர்.
திங்கட்கிழமை கூட்டிப் போகவேண்டும்.
ஏழு பேர் ஒரே நாளில் வேலைக்கு நின்றால்
சுப்பவேல் என்ன சொல்வாரோ.
அவர் பேரும் அதில் இருக்கிறது.

முன்பக்கத்தில் என் கணக்கு:
ஐம்பத்தொன்பதாம் நாள். இரண்டு தடவை.
ஒன்று கொஞ்சம் இறுக்கம்.
ராத்திரி எழும்பவில்லை.

மங்கிய பென்சிலை
நாக்கில் தொடப்போனவள்
எழும்பிப் போய்க்
கை கழுவினேன்.