ஆறாம் மாடிக் கயிறு

எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும்,
நுனியில் ஒரு கிளிப்.
பேப்பர் போடுகிறவன், பால் பாக்கெட், கரண்ட் பில்,
எதுவும் ஆறு மாடி ஏறி வராது.
ரங்கூன் முழங்கால்களுக்கு அவ்வளவு பொறுமையில்லை.
கீழே இழுத்தால்
மேலே என் ஜன்னல் கம்பியில் மணி குலுங்கும்.

பகலில் உளுந்து மண்டியில் கணக்கு:
மூட்டை எடை, ஈரப்பதம், கப்பல் தேதி.
இரவில், கரண்ட் இருக்கும் நாலு மணி நேரத்தில், நாவல்.
அதிலும் ஒரு மணி நேரத்தைத்
தண்ணீர் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் தின்றுவிடும்.
என் கதாநாயகி பசூண்டவுங் ஓடையைக் கடக்க
மாசி மாதம் படகில் ஏறினாள்.
கரண்ட் போனது.
ஆனி பிறந்தும் அவள்
படகிலேயே உட்கார்ந்திருந்தாள்,
மடியில் தையல் மிஷினோடு.

முதல் மூன்று அத்தியாயத்தைச் சென்னைக்கு அனுப்பினேன்.
பதினோரு வாரம் கழித்து வந்தது:
"நடை நன்று. ஆனால்
பர்மாவைப் பற்றி இப்போது யார் படிப்பார்கள்?"
நான் பர்மாவைப் பற்றி எழுதவில்லை, ஐயா.
இரவல் வாங்கிய தையல் மிஷினைத்
திருப்பித் தர மனம் வராத ஒருத்தியைப் பற்றி எழுதினேன்.
அவள் வீடு இங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து பதிலே இல்லை.
வராத பதிலை எந்தப் பத்தியில் எழுதுவது?
மண்டியாக இருந்தால்
'வரவேண்டியது' என்று போடுவேன்.
அப்படியே போட்டேன்.
போட்டுவிட்டு, தாள்களை அட்டைப்பெட்டியில் திணித்துக்
கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன்.

மூன்றாம் நாள் மணி அடித்தது.
தலைவலி மாத்திரை கேட்டிருந்தேன்,
மருந்துக்கடை செய்யது மீரானிடம்.
கிளிப்பில் மாத்திரையோடு ஒரு சீட்டு:
"நாலாம் அத்தியாயம் எங்கே?
திங்கள் என்றீர்கள், இன்று வியாழன்.
பக்கம் 41-இல் மழை நின்றுவிட்டது.
43-இல் குடை விரிக்கிறாள். வெயிலுக்கா?
பின்பக்கத்து உளுந்து விலையும் படித்தேன்,
அது இன்னும் சோகம்."

வெயிலுக்கில்லை. என் தவறுதான்.
தவறு செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள்
இந்தத் தெருவில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.
ஒரு மனிதர்
நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறார்!

இரண்டாம் மாடி டோ கின் டேவுக்குத் தமிழ் தெரியாது.
படிக்கட்டில் மறித்துக்கொள்வாள்:
"கொடுத்தாளா, இல்லையா, அந்த மிஷினை?"
வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டுப்
பர்மியத்தில் சொல்வேன்.
அவள் கொட்டாவி விட்ட இடம்
தமிழிலும் மோசம் என்று பில்லின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன்.

இன்செயினில் எஸ்தர் பாக்கியம்,
என்னைப் போலவே முதல் நாவல்காரி,
என்னைவிட மோசமான கரண்ட்.
இரவு பத்துக்குக் கேட்பாள்: "இன்று எத்தனை வரி?"
"பூஜ்யம்."
"எனக்கும். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை,
மூக்குக்கண்ணாடி.
போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்."
சிரித்தேன்.
சிரித்த பிறகும் பூஜ்யம் பூஜ்யம்தான்.
ஆனாலும் பெட்டியை வெளியே இழுத்தேன்.

இதற்கு நம்பிக்கை என்று பெயரா, தெரியவில்லை.
நம்பிக்கை இதைவிடக் கொஞ்சம் பெரிதாக,
வாசல் வழியாக வரும் என்று நினைத்திருந்தேன்.

நேற்று இரவு அடைமழை.
நாலாம் அத்தியாயத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்
கயிற்றில் இறக்கினேன்.
மூன்றாம் மாடியைத் தாண்டும்போது கரண்ட் போனது.
தெருவே இல்லை.
கைக்குள் ஈரக்கயிறு மட்டும்,
அதன் கோடியில் பதினேழு பக்கத்தின் எடை.
பிடித்துக்கொண்டே நின்றேன்.
பிறகு கீழே யாரோ வாங்கிக்கொண்டார்கள்.
மீரானா, கடைப்பையனா,
மழைக்கு ஒதுங்கிய வேறு யாராவதா?
கயிறு லேசானது.

அவள் இன்னும் கரை சேரவில்லை.
துடுப்பை மட்டும்
கையில் கொடுத்திருக்கிறேன்.